காஞ்சிக்குக் கிழக்கே, சென்னைக்கு மேற்கே

(தாம்பரத்தில் நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் 'சென்னையின் விளிம்பில் ஒரு கிராமம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, நான் கொடுத்த தலைப்புதான். ஆனால் பேச்சைத் தயார் செய்ய உட்கார்ந்தபோது அந்த 'விளிம்பு' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. தட்டுக்கு விளிம்பு உண்டு, கிணற்றுக்கு விளிம்பு உண்டு. ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு விளிம்பாக இருக்க முடியுமா? சாப்பிடுகிறவன் பார்வையில்தான் விளிம்பு விளிம்பு.

நான் பேச வந்த ஊர் மணிமங்கலம். இங்கிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. உங்களில் பாதிப் பேர் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். மனை பார்க்கப் போனவர்களும் இருப்பீர்கள். கைதூக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

இந்த ஊருக்கு ஒரு விசேஷம். இது இரண்டு பெருநகரங்களுக்கு விளிம்பாக இருந்திருக்கிறது. இன்றைக்குச் சென்னைக்கு. சென்னை என்ற பெயரே இல்லாத காலத்தில் காஞ்சிக்கு. 1639-இல்தான் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் ஒரு துண்டு மணலை வாங்கிக் கோட்டை கட்டுகிறார்கள். அதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முன்பே மணிமங்கலம் செப்பேட்டில் ஏறிவிட்டது.

கி.பி. 642-ஐ ஒட்டி நடந்த கதை உங்களுக்குத் தெரியும். வாதாபியிலிருந்து சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையோடு காஞ்சியை நோக்கி வருகிறான். பல்லவன் நரசிம்மவர்மன் அவனைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்ற மூன்று இடங்களில் முறியடிக்கிறான். பிறகு பின்தொடர்ந்து போய் வாதாபியையே பிடிக்கிறான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு ஊர்ப்பெயர் அங்கிருந்தே பழக்கம். போர் நடந்ததற்கான ஆதாரம் கூரம் செப்பேடு. அதை எழுதிய புலவருக்கு நல்ல கற்பனை. ஓடுகிறவனின் முதுகு தெரியுமல்லவா? அந்த முதுகையே ஏடாக வைத்து அதில் வெற்றி என்று எழுதினான் பல்லவன் என்கிறார்.

அந்த முதுகைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. காஞ்சியைக் காப்பாற்ற நடந்த போர் காஞ்சி மதிலடியில் நடக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் கிழக்கே, ஓர் ஏரிக்கரை ஊரில் நடந்தது. தலைநகரத்தின் சண்டையைப் பக்கத்துக் கிராமத்துக் கழனியில் போட்டார்கள். யானையும் குதிரையும் மிதித்த கழனியில் அந்தப் பட்டம் என்ன விளைந்தது, யார் பட்டினி கிடந்தார்கள் என்று எந்தச் செப்பேட்டிலும் இல்லை. நகரத்தின் சங்கடத்தைப் பக்கத்து ஊர் சுமப்பது அன்றைக்கே ஆரம்பித்த வழக்கம்.

அடுத்து சோழர் காலம். மணிமங்கலத்தின் வரலாறு நமக்குக் கொட்டிக் கிடப்பது இங்கேதான். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் நிறையக் கல்வெட்டுகள். பெருமாளுக்கு அங்கே வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். மற்ற ஊர்களில் இருப்பதற்கு நேர்மாறு. கல்வெட்டில் அந்தக் கோயிலுக்கு வண்டுவராபதி என்று பெயர். துவாரகைதான் அது, தமிழ் நாக்கில் புரண்டு புரண்டு வண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. தர்மேசுவரர் கோயிலும் இருக்கிறது. யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம். கோயில்களைப் பற்றி விரிக்கப் போவதில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரின் பெயரைப் பார்ப்போம். ஜயங்கொண்ட சோழமண்டலத்துச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டு மணிமங்கலம். இது முகவரி. அரசாங்கப் பெயர் தனி. முதலாம் ராஜராஜன் காலத்தில் லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம், அரசியின் பெயர். அடுத்து ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம். முதற் குலோத்துங்கன் காலத்தில் வந்ததுதான் எனக்குப் பிடித்தது: பாண்டியனை இருமடி வென்கண்ட சோழச் சதுர்வேதிமங்கலம். வென் என்றால் முதுகு. பாண்டியன் புறங்காட்டி ஓடுவதை இரண்டு முறை கண்ட சோழனின் மங்கலம்! பல்லவன் எழுதிய முதுகு ஒன்று, சோழன் கண்ட முதுகு இன்னொன்று. இந்த ஊருக்கும் முதுகுக்கும் என்ன பந்தமோ. பிற்பாடு கிராமசிகாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் வைத்துப் பார்த்தார்கள்.

இத்தனை பெயர் வைத்தும் ஒன்றும் ஒட்டவில்லை. சந்தைக்குப் போகிற பெண், மாடு தேடி வந்தவன், பெண் கொடுத்த சம்பந்தி எல்லோரும் மணிமங்கலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டு எழுதியவரும் வேறு வழியில்லாமல் மணிமங்கலமான இன்னது என்றே வெட்டினார். அரசன் வைத்த பெயர் கல்லிலேயே தங்கிவிட்டது. ஊர் வைத்த பெயர் இன்றைக்குப் பேருந்தின் நெற்றியில் ஓடுகிறது.

இன்று அந்தப் பக்கம் போனால் கழனி நடுவே திடீர் திடீரென்று வளைவுகள் நிற்கும். ஏதோ ஒரு நகர், ஏதோ ஒரு அவென்யூ, ஏதோ ஒரு கார்டன். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகுப் பெயர்தான் ஞாபகம் வருகிறது.

சரி, கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது? வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கிட்டத்தட்ட 1067. வரலாற்று ஆசிரியர்கள் சளுக்கியப் போர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கல்வெட்டைத் தொடாமல் போக முடியாது. கூடல்சங்கமத்துப் போரைச் சொல்லும். தோற்ற சளுக்கியன் மறுபடி மோதலாம் வா என்று ஓலை விடுகிறான், இடம்கூடக் குறிக்கிறான். சோழன் போய் நிற்கிறான். ஒரு மாதம் காத்திருக்கிறான். கூப்பிட்டவன் வரவே இல்லை. துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டுவிட்டுத் திரும்புகிறான். கர்நாடகத்தில் நடந்த இத்தனை அமர்க்களமும் செங்கற்பட்டுச் சீமையில் ஓர் ஊர்க்கோயில் சுவரில்.

ஆனால் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டது அதற்காக இல்லை. அதெல்லாம் மெய்க்கீர்த்தி, முகவுரை. கடிதத்தின் மேல் போடுகிற 'உ' மாதிரி. படித்துக்கொண்டே கீழே வந்தால் கடைசியில் விஷயம் வரும்: கோயிலுக்கு விட்ட நிலம், அதன் குழிக்கணக்கு, எல்லை. கீழ்பாற்கெல்லை இது, தென்பாற்கெல்லை இது என்று நான்கு பக்கமும் கட்டி எழுதுவார்கள். வாய்க்காலையும் வதியையும் வைத்துத்தான் எல்லை. சளுக்கியன் வந்தானா வரவில்லையா என்பது சபையாருக்கு எவ்வளவு முக்கியமோ எனக்குத் தெரியாது. எந்த வாய்க்காலுக்குத் தெற்கே என்பது நிச்சயம் முக்கியம்.

ஊர் என்றால் என்ன என்பதற்கு என் விடை அந்தக் கடைசி வரிகளில் இருக்கிறது. ஊர் என்பது ஒரு நீர்க்கணக்கு. இந்த ஏரியில் இவ்வளவு தண்ணீர் நின்றால் இந்த மதகில் இத்தனை நாழிகை, இந்தக் கழனிக்கு முதலில், அந்தக் கழனிக்குப் பிறகு. இதைப் பேசித் தீர்க்க ஒரு சபை. இதே மாவட்டத்து உத்தரமேரூரில் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகளில், குடவோலை போட்டு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு தேர்ந்தெடுத்தார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை. இந்தச் சீமையில் பெரிய ஜீவநதி கிடையாது. பாலாறு பேருக்குத்தான். மழை மூன்று மாதம், மீதி ஒன்பது மாதமும் ஏரிதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சபை, வாரியம், குடவோலை என்று பெருமையாகப் பேசுகிறோம். சதுர்வேதிமங்கலத்துச் சபையில் உட்கார்ந்தவர்கள் யார்? நிலம் வைத்திருந்த பிராமணர்கள். ஏரியில் தூர் எடுத்தவன், அண்டை வெட்டியவன், நாற்று நட்டவள் பெயர் அந்தச் சுவரில் எங்கே? ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்களின் வரியில்லா நிலத்தைக் கழிக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரும். குடியிருப்பாக, கழிவுக் கணக்காக வரும், ஆளாக வராது. ஊர் வரலாறு எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் கோயில் சுவரோடு நின்றுவிட்டால் பாதி ஊரைத்தான் எழுதியிருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நின்றிருந்தேன்.

மீதிப் பாதி எழுத்தில் வருவதற்கு எண்ணூறு வருஷம் ஆயிற்று. 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை புஞ்சை, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கர்ணத்துக்கு, தச்சனுக்கு, தலையாரிக்கு, நீர்க்கட்டிக்கு எவ்வளவு என்று அத்தனையும் உண்டு. பின்னாளில் ஆய்வாளர் தரம்பால் இவற்றைக் கிளறி வெளியே கொண்டுவந்தார். களத்தில் நெல் அளக்கும்போதே பங்கு பிரிந்துவிடும் அந்த ஏற்பாட்டை அவர் மெச்சி எழுதினார். எனக்கும் மெச்சத் தோன்றுகிறது, பங்கு எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தது என்று பார்க்கும்வரை.

1780-இல் ஹைதர் அலி படை வந்தது. பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. சீமை முழுக்கப் பாழ். மறுபடி ஒரு நகரத்தின் சண்டை, மறுபடி பக்கத்து ஊர்க் கழனி. இந்த முறை நகரம் மதராஸ்.

பிறகு மிராசு, அதாவது பரம்பரை நில உரிமை. நிலம் யாருடையது என்பதில் கம்பெனிக்கே குழப்பம். நம் எல்லீசர், குறள் படித்த கம்பெனி அதிகாரி, மிராசு உரிமை பற்றிப் பதினேழு கேள்விகளுக்குப் பதில் எழுதினார், 1818-இல் அச்சாயிற்று. அந்த மிராசுதாரின் பிடியில் சேரி எப்படி இருந்தது என்பதை 1891-இல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை சொல்கிறது. குடியிருக்கிற மனையே மிராசுதாருடையது. முகம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணைதான் இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசும் விவகாரத்துக்கு வேர். எண்ணூறு வருஷம் கழித்து ஒரு வெள்ளைக்காரர் அறிக்கையில்தான் சேரி மனிதர் ஒரு குறையுள்ள மனிதராக, அதாவது குறையைச் சொல்லக்கூடியவராக, காகிதத்தில் ஏறுகிறார்.

அந்த அறிக்கைக்குச் சில வருஷம் கழித்து, 1899-இல், கல்வெட்டறிஞர் ஹுல்ட்சு மணிமங்கலத்துக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதி. ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே? காஞ்சிபுரம் தாலுகாவின் வடகிழக்கு மூலை என்கிறார். கூடவே, வண்டலூர் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஆறு மைல் என்கிறார். இந்த இரண்டு அடையாளத்துக்கும் நடுவில்தான் ஊர் திரும்பிப் படுத்தது. அதுவரை தலை காஞ்சிப் பக்கம். இனி ரயில் பக்கம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்ததும் திரும்பியது உறுதியாயிற்று. பால் கிழக்கே போனது, கீரை கிழக்கே போனது, படித்த பிள்ளைகளும் கிழக்கே போனார்கள்.

ஆனாலும் கணக்கு ஊரிலேயே இருந்தது. கிராமக் கணக்கரான கர்ணம் கையில். இந்த நிலத்தில் சொர்ணவாரியா, சம்பாவா, நவரையா என்று அடங்கலில் எழுதுகிறவர் அவர். சொர்ணவாரி என்ற சொல் தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியாது. ஏரிப் பாசனத்தை நம்பிய நம் சீமையின் பட்டம் அது. கர்ணங்களைப் பற்றி ஊரில் நல்லதாகச் சொல்கிறவர்கள் குறைவு, காரணமும் உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே நாளில் எடுத்தது. எடுத்தது சரிதான் என்பவன் நான். அவர்களோடு போனது ஒன்று உண்டு: எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்ற மனப்பாடம். அதற்குப் பதிலாக வேறு மனப்பாடத்தை நாம் வளர்க்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் கல் நட்டார்கள். கழனியில் மூன்று பட்டம் பயிர் வைக்காமல் போட்டால் தரிசு. தரிசில் கல் நட்டு வண்ணக்கொடி கட்டினால் மனை. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தன, ஸ்ரீபெரும்புதூரில் வந்தன, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலை அகலமாயிற்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. அடுத்த வருஷம் வரன்முறை விதிகள் வந்தன; பழைய மனைகளைக் கட்டணம் கட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீட்டினார்கள். காஞ்சிக்குப் பக்கத்துப் பரந்தூரில் விமான நிலையம் வருகிறது என்ற அறிவிப்பும் அதே வருஷம்தான். ஏகனாபுரத்துக்காரர்கள் அதை எதிர்த்து இறங்கியது உங்களுக்குத் தெரியும். இந்த வேகத்தில் போனால் காஞ்சியே சென்னையின் விளிம்பு ஆகிவிடும், புலிகேசி எந்தப் பக்கம் வருவான் என்று தெரியாது.

மனை விற்பவரின் துண்டுப் பிரசுரம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். இதுவும் ஓர் எல்லைக் கல்வெட்டுதான், பாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம், வெளிவட்டச் சாலையிலிருந்து இத்தனை நிமிடம், சர்வதேசப் பள்ளியிலிருந்து இத்தனை நிமிடம். நான்கு எல்லையும் இருக்கிறது. நடுவில் இருக்கிற நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது மேடா, பள்ளமா? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் போகும்? சோழர் கால எழுத்தர் இதைப் பார்த்திருந்தால் ஓலையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தண்ணீர் அதைச் சொல்லிக் காட்டியது 2015-இல். டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் நம் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் இந்த அரங்கில் இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் மேல்பக்கம் இல்லை. அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது உங்களுக்குக் கீழே. உங்கள் வீட்டுக்குள் வந்தது மணிமங்கலத்து ஏரியும் ஆதனூர் ஏரியும் அந்தப் பக்கத்துச் சின்ன ஏரிகளும் வழிந்த தண்ணீர். அடையாறு பிறப்பதே மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் மலைப்பட்டு ஏரியில். அங்கிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுகிறது. மேலே இருப்பது கிராமம், கீழே இருப்பது நகரம். யார் யாருக்கு விளிம்பு என்று தண்ணீரைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும்.

போன ஐப்பசியில் அந்த ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். பனைமரத்தடியில் ஒரு பெரியவர், இரண்டு எருமை. கையில் குச்சி. கலங்கல் எங்கே என்று கேட்டேன். குச்சியால் காட்டினார்.

"எப்போ வழியும் ஐயா?"

"இன்னும் ரெண்டு முழம் ஏறணும் சார். நல்ல மழ ஒண்ணு புடிச்சா வழிஞ்சிடும்."

"வழிஞ்சா எங்கே போகும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எங்க இருந்து வரீங்க?"

தாம்பரம் என்றேன்.

"அங்கதான்," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் கேலி செய்யவில்லை, தகவல்தான் சொன்னார். ரெண்டு முழம் என்று சொன்னாரே, அளவுகோல் கம்பம் எதையும் பார்க்கவில்லை. கரைச் சரிவில் ஒரு கல்லைப் பார்த்தார். எந்தக் கல்வரை தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த ஏரியின் கடைசி அடங்கல் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் பிள்ளை ஒரகடத்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். பிள்ளைக்கு அந்தக் கல் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எருமை மேய்த்தே காலம் கழி என்று அவர் பிள்ளைக்குச் சொல்ல நான் யார்?

எனக்குள்ள கவலை சின்னது. கோயில் சுவரில் இருப்பதை ஹுல்ட்சு படியெடுத்துவிட்டார். இரண்டாயிரம் ஊர்க் கணக்கை பர்னார்டு எடுத்துவிட்டார். கடந்த எண்பது, நூறு வருஷத்துக் கணக்கு மட்டும்தான் வீட்டுப் பரணில் கிடக்கிறது: பழைய கிரயப் பத்திரம், கிஸ்து கட்டிய ரசீது, மதகு முறைக்குத் தகராறு வந்து பஞ்சாயத்தில் எழுதிக்கொண்ட கைச்சாத்து, சேரிக்கு மனை கொடுத்த பட்டாவின் நகல். வீடு இடித்துக் கட்டும்போது இவை முதலில் பழைய பேப்பர்க்காரருக்குப் போகின்றன. கிலோ கணக்கில்.

இங்கே மணிமங்கலம், படப்பை, முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்துக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் அப்படி ஒரு காகிதம் இருந்தால் எடுத்து வாருங்கள். கொடுத்துவிட வேண்டாம், மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.